மேடைக் கருவியை வாங்கும் முன் சோதிக்க வேண்டியவை

கேள்வி இதுதான்: மனதுக்குப் பிடித்த ராக் கலைஞரின் உலகச் சுற்றுப்பயணத்தில் மேடையில் இருந்தது என்று சொல்லி ஒருவர் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் ஒன்றை விற்கிறார். பின்பக்கம் குழுவின் பெயர் ஸ்டென்சிலில் இருக்கிறது, கூடவே ஒரு சான்றிதழ். நம்பி வாங்கலாமா? இந்த மாதிரிச் சேகரிப்பை எங்கிருந்து தொடங்குவது?

சான்றிதழை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இந்தச் சந்தையில் பொருள் பெரும்பாலும் அசலாகவே இருக்கும். மார்ஷல் ஆம்ப் என்றால் அது மார்ஷல் ஆம்ப்தான். கலப்படம் நடப்பது பொருளோடு சேர்த்து விற்கிற கதையில். கடையில் கிடைக்கும் அதே மாடலின் விலைக்கு மேல் நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு காசும் அந்தக் கதைக்குத்தான் போகிறது. ஆகவே கதையை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்துகொள்வதுதான் இதில் முக்கால்வாசி வேலை.

முதலில் ஒரு சுற்றுப்பயணத்தில் என்னென்ன போகிறது, எது யாருடையது என்று பாருங்கள். கிட்டார், ஆம்ப், டிரம் செட், கீபோர்டு, பெடல்போர்டு ஆகியவற்றைச் சேர்த்து பேக்லைன் என்பார்கள். இவை பெரும்பாலும் கலைஞர்களுக்குச் சொந்தம். அரங்கம் முழுக்கக் கேட்க வைக்கும் பெரிய ஸ்பீக்கர்கள், மிக்ஸிங் கன்சோல், விளக்குகள் ஆகியவை வாடகை நிறுவனங்களின் சொத்து. 1966-ல் பென்சில்வேனியாவின் லிடிட்ஸில் தொடங்கிய கிளேர் பிரதர்ஸ், இன்று கிளேர் குளோபல், இந்தத் தொழிலின் மூத்த பெயர்களில் ஒன்று. லண்டனின் பிரிட்டானியா ரோ, பிங்க் ஃப்ளாய்ட் குழு தன் சொந்தக் கருவிகளைச் சும்மா வைத்திருக்க மனமில்லாமல் வாடகைக்கு விட்டதில் இருந்து வளர்ந்தது. வாடகைக் கருவி இந்த மாதம் ஒரு பாடகருடன் போகும், அடுத்த மாதம் வேறொருவருடன். எனவே ‘இன்னாரின் சுற்றுப்பயணத்தில் ஓடிய ஸ்பீக்கர்’ என்று ஒருவர் சொல்வது முழு உண்மையாக இருக்கலாம். அப்படியும் அதற்குத் தனி மதிப்பு எதுவும் இல்லை, ஏனென்றால் அதே ஸ்பீக்கர் இன்னும் நாற்பது பேருக்கும் ஓடியிருக்கும்.

பேக்லைனுக்குள்ளும் படிநிலைகள் உண்டு. கிட்டார் கலைஞர் ஒருவருடன் பல கிட்டார்கள் பயணிக்கும். ஒவ்வோர் இரவும் கைக்கு வருபவை சில. கம்பி அறுந்தால் எடுத்துக் கொடுக்கத் தயாராக நிற்பவை சில. ஒரே ஒரு பாட்டுக்காக வேறு சுருதியில் வைத்திருப்பது ஒன்று. ஒத்திகையோடு பெட்டிக்குள் போய்விடுவது இன்னொன்று. இவை எல்லாமே ‘சுற்றுப்பயணத்தில் இருந்தது’ என்ற வகையில் சேரும், ஆனால் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விற்பவர் எந்தப் படியைச் சொல்கிறார் என்று எழுத்தில் கேளுங்கள். ‘மேடையில் வாசித்தது’, ‘மேடைக்கு அருகே தயாராக இருந்தது’, ‘கலைஞருக்குச் சொந்தமாக இருந்தது’, ‘கலைஞர் கையெழுத்திட்டது’ என்பவை நான்கு வெவ்வேறு கூற்றுகள். கடைசியானதை முதலாவதுபோலக் காட்டுவதுதான் மிக அதிகமாக நடக்கும் தந்திரம். ஒரு கிட்டாரில் கையெழுத்து இருப்பதால் அதை அவர் வாசித்தார் என்று ஆகிவிடாது. ரசிகர் ஒருவர் கடையில் வாங்கிய புதுக் கிட்டாரை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ராக் மேடைகளின் பின்னால் சுவராக அடுக்கியிருக்கும் கேபினெட்டுகளில், அதாவது ஸ்பீக்கர் பெட்டிகளில், நிறைய வெறும் பெட்டிகள். முன்னால் துணி இருக்கும், உள்ளே ஸ்பீக்கர் இருக்காது. உண்மையான சத்தம் ஓரிரு கேபினெட்டிலிருந்து, சில சமயம் மேடைக்குப் பின்னால் மறைவாக வைத்த ஒன்றிலிருந்து, மைக் வழியாகப் போகும். மேடை அலங்காரம் என்ற அளவில் அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அப்படிப்பட்ட காலிப் பெட்டிக்குள் பிற்காலத்தில் ஸ்பீக்கரைப் பொருத்தி விற்பவர்கள் இருக்கிறார்கள். பின்பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் சட்டத்தில் தயாரிப்புத் தேதிக்கான குறி இருக்கும். அது சுற்றுப்பயணத்துக்குப் பிந்தையது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. முந்தையது என்றால் திருகுத் துளைகளையும், பல ஆண்டு அதிர்வில் சட்டம் மரத்தில் பதித்த தடத்தையும் பாருங்கள்.

மேடைக் கருவி எதனால் மதிப்புப் பெறுகிறது என்பதற்குக் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ‘வால் ஆஃப் சவுண்ட்’ நல்ல பாடம். வாடகைக்கு எடுக்காமல் ஒரு குழு தானே கட்டிய ஒலி அமைப்பு அது. 1974-ல் மேடையேறியது. சுமார் 600 ஸ்பீக்கர்கள், 75 டன் எடை. பாடுபவர்களுக்கு முன்னால் வைக்காமல் முதுகுக்குப் பின்னால் கோபுரமாக நிறுத்தினார்கள். மைக்குக்குள் அந்தச் சத்தமே திரும்பப் புகுந்து ஊளையிடாமல் இருக்க, ஒவ்வொருவருக்கும் ஜோடி மைக்குகளை எதிரெதிர் முனைவில் இணைத்து, ஒன்றில் மட்டும் பாட வைத்தார்கள். இரண்டிலும் சமமாக விழும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துவிடும், பாட்டு மட்டும் மிஞ்சும். ஒலிப் பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த கிறுக்குத்தனங்களில் இது ஒன்று. ஏற்றி இறக்கும் செலவு தாங்காமல் அதே ஆண்டு அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். பிறகு பாகங்கள் திசைக்கொன்றாகப் போயின. 2021 அக்டோபரில் சோத்பிஸ் ஏலத்தில் குழுவின் கிட்டார் கலைஞர் ஜெரி கார்சியா பயன்படுத்திய மெக்கின்டோஷ் எம்சி-2300 பவர் ஆம்ப் ஒன்று 3,78,000 டாலருக்குப் போனது. அந்த அமைப்பில் இதே மாடல் ஆம்ப்கள் நாற்பதுக்கும் மேல் இருந்தன. இந்த ஒன்றின் முகப்பில் ஒரு பீர் விளம்பரப் பாத்திரத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ‘பட்மேன்’ என்ற பெயரும் அதனால்தான். பழைய புகைப்படங்களில் எது கார்சியாவின் ஆம்ப் என்று கண்டுபிடிக்க அந்த ஸ்டிக்கர் ஒன்றே போதும். யாரோ போகிற போக்கில் ஒட்டிய ஸ்டிக்கர் பிற்காலத்தில் அடையாள அட்டையாக ஆகிவிட்டது.

இங்கிருந்து புகைப்பட ஒப்பீட்டுக்கு வருவோம். கருவியையும் பழைய மேடைப் படங்களையும் பக்கத்தில் வைத்துத் தழும்புகளை ஒத்துப் பார்ப்பது இன்று இந்தத் துறையின் பலமான ஆயுதம். கனடாவின் ராக் கலைஞர் ராண்டி பாக்மன் தன் ஆரஞ்சு நிற 1957 கிரெட்ச் 6120 கிட்டாரை 1976-ல் டொராண்டோ ஹோட்டல் ஒன்றில் திருட்டுக் கொடுத்தார். பல பத்தாண்டு தேடினார். 2020-ல் ரசிகர் ஒருவர் முக அடையாள மென்பொருளையே கொஞ்சம் மாற்றி, பழைய படத்தில் தெரிந்த மர ரேகையோடு இணையத்தில் கிடைத்த கிட்டார் படங்களை ஒப்பிட்டார். ஜப்பானில் ஓர் இசைக்கலைஞர் கையில் அது இருந்தது. கிட்டத்தட்ட அதே போன்ற இன்னொரு 1957 கிரெட்சைக் கொடுத்து, 2022 ஜூலை 1 அன்று டோக்கியோவில் பாக்மன் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஐம்பது ஆண்டு ஆனாலும் மர ரேகை மாறாது, இரண்டு மரத்துக்கு ஒரே ரேகை அமையாது.

ரேகை தெரியாதபடி அடர்ந்த வண்ணம் பூசிய கிட்டார் என்றால்? ஆமை ஓட்டின் கோலமுள்ள பிக்கார்டு (கிட்டார் உடலைக் கீறலிலிருந்து காக்கும் தகடு) இருந்தால் அதன் சுழிகளைப் பாருங்கள். ஒவ்வொரு தகட்டிலும் அவை வேறு. பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில் ஓடும் மெல்லிய வெடிப்புகள், பெல்ட் கொக்கி உரசிய பின்பக்கம், தலைப்பகுதியில் சிகரெட் செருகிச் சுட்ட கறுப்பு, எல்லாமே சாட்சிகள்தான். ஆம்ப்பில் தோலுறை கிழிந்த மூலை, முகப்புத் துணியின் கறை, ஸ்டென்சில் எழுத்தில் வழிந்து உறைந்த பெயிண்ட், மாற்றிப் போட்ட ஒற்றைப் பொத்தான்.

ஒப்பிடும்போது ஒரு தர்க்கத்தை மறக்காதீர்கள். தழும்பு கூடும், குறையாது. 1987 படத்தில் தெரிகிற வெட்டு இன்று கருவியில் இல்லை என்றால், மறுபூச்சு நடந்ததற்கான ஆதாரம் இல்லாத பட்சத்தில், அது வேறு கருவி. இன்று இருக்கும் வெட்டு அன்றைய படத்தில் இல்லை என்பது ஒரு பொருட்டே அல்ல, பிறகு விழுந்திருக்கும். ஏமாற விரும்புகிற மனம் இதைத் தலைகீழாகப் பார்க்கும்: ஒத்துப்போகும் இரண்டு தழும்பைக் கொண்டாடிவிட்டு, காணாமல் போன ஒரு தழும்பைப் ‘படம் தெளிவில்லை’ என்று ஒதுக்கும். பழைய நெகட்டிவ்களை இடம் வலம் மாற்றி அச்சடித்த படங்களும் உண்டு, அதையும் கவனியுங்கள்.

தழும்புகள் ஒத்துப்போனாலும் இன்னொரு கண்ணி இருக்கிறது. புகழ்பெற்ற கிட்டார்களின் தழும்புகளையே நகலெடுத்துத் தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள், அதுவும் வெளிப்படையாக. எடி வான் ஹேலனின் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ கிட்டாரை ஃபெண்டர் நிறுவனம் 2007-ல் 25,000 டாலர் விலையில் நகலெடுத்தது. அசலில் பிரிட்ஜ் ஓரம் திருகியிருந்த 1971-ஆம் ஆண்டுக் கால் டாலர் நாணயம்கூட நகலிலும் இருந்தது. எரிக் கிளாப்டனின் ‘பிளாக்கி’, பிங்க் ஃப்ளாய்டின் டேவிட் கில்மோர் வாசித்த கறுப்பு ஸ்ட்ராட் (ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடல்) இரண்டுக்கும் இப்படிப் பிரதிகள் உண்டு. ஆகவே எல்லோருக்கும் தெரிந்த பெரிய தழும்புகள் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. யாரும் நகலெடுக்க மெனக்கெடாத சின்னப் புள்ளிகளைத் தேடுங்கள்.

சீரியல் நம்பரை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். பழைய ஃபெண்டர்களில் எண் இருப்பது கழுத்தைப் பிடிக்கும் உலோகத் தகட்டில். நான்கு திருகைக் கழற்றினால் தகடு கையோடு வந்துவிடும். எண்ணும் உடலும் தழும்பும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அடுத்தது காகிதம். சுற்றுப்பயணக் கருவிகளுக்கு என்று ஓர் அருமையான ஆவணம் இருக்கிறது. வெளியார் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதே இல்லை. ஏடிஏ கார்னே என்பார்கள். 1961-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை வழியாக வந்தது. கருவிகளைத் தற்காலிகமாக ஒரு நாட்டுக்குள் கொண்டுபோய் வரி கட்டாமல் திரும்ப எடுத்து வர உதவும் சுங்க ஆவணம் இது. ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பொருளின் விவரம், எண்ணிக்கை, எடை, மதிப்பு, தயாரான நாடு என்று வரிசையாக இருக்கும். அடையாளம் காணத்தக்க கருவிகளுக்குச் சீரியல் நம்பரும் எழுதுவார்கள். எல்லையில் அதிகாரி பட்டியலைப் பார்த்துப் பெட்டியைத் திறந்து சரிபார்க்கலாம் என்பதால் குழுவினர் கவனமாகவே எழுதுவார்கள். பிற்காலத்தில் ஒருவர் இந்தக் கருவியைக் காசாக்குவார் என்ற எண்ணமே இல்லாத ஒருவர் தட்டச்சு செய்த காகிதம் என்பதுதான் இதன் பலம். லாரியில் ஏற்றும் பட்டியல், காப்பீட்டுப் பட்டியல், பழுதுபார்த்த ரசீது, விமானச் சரக்குச் சீட்டு எல்லாமே இதே வகை.

சான்றிதழ் இதற்கு நேர் எதிர். விற்பனைக்காக எழுதப்படுவது. யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. கலைஞர், அவருடைய நிர்வாகம், அந்தப் பயணத்தில் கூடவே போய்க் கருவிகளைப் பராமரித்த கிட்டார் டெக் ஆகியோருக்கு உண்மை தெரியும். வியாபாரி தானே தனக்கு எழுதிக்கொண்ட சான்றிதழ், பளபளப்பு ஹோலோகிராம் ஒட்டியிருந்தாலும், அவர் வாயால் சொன்னதை அச்சில் சொன்னதுதான். டெக் எழுதிய கடிதம் என்றால் எந்தப் பயணம், கருவி என்ன வேலைக்கு இருந்தது, அது எப்படித் தன் கைக்கு வந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். பயணம் முடிந்ததும் கலைஞர்கள் குழுவினருக்குக் கருவிகளைப் பரிசாகக் கொடுப்பது வழக்கம்தான். சொல்லாமல் கொள்ளாமல் வண்டியிலிருந்து இறங்கிப் போன கருவிகளும் இருக்கின்றன.

திருட்டுக் கருவியை வாங்கினால் காசு மட்டுமல்ல, பொருளும் போகும். சோனிக் யூத் குழுவின் கருவி லாரி 1999 ஜூலை 4 அன்று கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு நகரில் களவு போனது. குழு பட்டியலை வெளியிட்டுத் தேடியதில் பின்னாட்களில் சில கருவிகள் திரும்பின. பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் கிட்டார் 1972-ல் லண்டன் நாட்டிங் ஹில்லில் வேனிலிருந்து திருடப்பட்டு, அரை நூற்றாண்டு கழித்து அவரிடம் திரும்பியது 2024-ல் உலகுக்குத் தெரிந்தது. திருடனிடமிருந்து வாங்கியவருக்கு உரிமை வராது என்பது பொதுச்சட்ட நாடுகளில் அடிப்படை விதி. கால வரம்பும் விதிவிலக்குகளும் நாட்டுக்கு நாடு வேறு. பெரிய தொகை என்றால், களவு போன கருவிகளைப் பற்றிக் கலைஞர் தரப்பு வெளியிட்ட பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள், நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். பதில் வராமல் போகலாம், கேட்டதற்கான சான்று உங்களிடம் இருக்கும்.

இப்போது உங்கள் ஆம்ப். ஸ்டென்சில் எதையும் நிரூபிக்காது. அட்டையில் எழுத்தை வெட்டி ஸ்ப்ரே அடிக்க பத்து நிமிடம் போதும். நான் விற்பவரிடம் சீரியல் நம்பரையும், உள்பக்கப் படங்களையும், அவருக்கு முன்னால் யாரிடம் இருந்தது என்பதையும் கேட்பேன். அந்தப் பயணத்தின் தேதியிட்ட படம் ஒன்றில் இதே ஆம்ப் என்று காட்டக்கூடிய ஏதாவது ஓர் அடையாளத்தையும் கேட்பேன். இவற்றில் இரண்டு வலுவாகக் கிடைத்தால் பேரம் பேசலாம். சான்றிதழின் நகலை மட்டும் மறுபடி மறுபடி அனுப்பினால், அதே மாடல், அதே வயது ஆம்ப் சந்தையில் என்ன விலையோ அதற்கு மேல் ஒரு காசு தர வேண்டாம். ‘இன்றே முடிவு சொல்லுங்கள், இன்னொருவர் காத்திருக்கிறார்’ என்றால் அந்த இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும்.

விலைகளைப் பற்றிக் கொஞ்சம். கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட் 2019 ஜூனில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 39,75,000 டாலர். நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் 1993 நவம்பரில் எம்டிவி அன்பிளக்ட் நிகழ்ச்சியில் வாசித்த 1959 மார்ட்டின் டி-18இ 2020 ஜூனில் 60,10,000 டாலர். செய்தியில் வரும் இப்படிப்பட்ட தொகைகளில் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணமும் சேர்ந்திருக்கும். சுத்தியல் விழும் விலை அதைவிடக் குறைவு. நீங்கள் ஏலத்தில் கை தூக்கும்போது கால்வாசி அளவுக்கு மேலே ஏறும் என்று கணக்கு வைத்துக்கொண்டு நிறுத்துங்கள். கோபேனின் கிட்டாருக்கு அந்த விலை ஏன்? ஒரே ஓர் இரவு, அது முழுக்கப் படம் பிடிக்கப்பட்டிருக்கிறது, சந்தேகத்துக்கு இடமே இல்லை. நூறு இரவு ஓடியும் ஓர் இரவையும் காட்ட முடியாத கருவி அதற்குக் கிட்ட வராது.

இதே ஏலங்கள் இன்னொன்றையும் காட்டுகின்றன. பழைய கிட்டார் சேகரிப்பவர்களுக்கு ஒவ்வொரு திருகும் தொழிற்சாலையில் போட்டதாக இருக்க வேண்டும். ஒரு பாகம் மாறினாலும் விலை சரியும். மேடைக் கருவியில் விதி தலைகீழ். கில்மோர் தன் ஸ்ட்ராட்டின் கழுத்தைப் பலமுறை மாற்றினார், கம்பியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப்பை மாற்றினார், பிக்கார்டை மாற்றினார். கிளாப்டனின் பிளாக்கி 1950-களின் மூன்று ஸ்ட்ராட்களைக் கழற்றி நல்ல பாகங்களை ஒன்றாகச் சேர்த்தது. பழைய கிட்டார் கடையில் கறாராகப் பார்த்தால் அது கதம்பம். 2004-ல் அது 9,59,500 டாலருக்குப் போனது. கலைஞர் கையாலோ அவருடைய டெக் கையாலோ நடந்த மாற்றம் எல்லாம் மதிப்பு. அவர்கள் கையை விட்டுப் போன பிறகு நடந்த மாற்றம் எல்லாம் நஷ்டம். எனவே எந்த மாற்றம் எப்போது நடந்தது என்று கேட்பது, ‘அசலா’ என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி. இது புரிந்துவிட்டால் சுத்தம் செய்கிற கையும் தானாகவே நின்றுவிடும். அதே அன்பிளக்ட் நிகழ்ச்சியில் கோபேன் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டர், துவைக்கப்படாமல், சிகரெட் சுட்ட ஓட்டையோடு 2019-ல் 3,34,000 டாலருக்கு விற்றது. வியர்வைத் துரு, காய்ந்த டேப், பாட்டின் பெயரை எழுதி ஆம்ப் மேல் ஒட்டிய துண்டுச் சீட்டு எதையும் தொடாதீர்கள்.

தொடங்குபவர்களுக்குக் கிட்டார் வேண்டாம். என் தேர்வு ஃப்ளைட் கேஸ், அதாவது கருவிகளைப் பயணத்தில் அடைத்துக் கொண்டுபோகும் பெட்டி. மேலே ஸ்டென்சில், அதன் மேல் சரக்குச் சீட்டு, அதன் மேல் லாரியில் எங்கே ஏற்றுவது என்று காட்டும் நிறப் பட்டை, மறுபடி இன்னொரு பயணத்தின் பெயர் என்று அடுக்கடுக்காக வரலாறு ஒட்டியிருக்கும். அந்த அடுக்குகளைப் போலியாகச் செய்ய ஆகும் உழைப்புக்கு ஏற்ற விலை பெட்டிக்குக் கிடைக்காது என்பதால் போலிகளும் குறைவு. இடத்தை அடைக்கும், வீட்டில் சண்டை வரும், அது வேறு விஷயம்.

டிரம் தோல்களும் நல்ல தொடக்கம். அடிக்கடி மாற்றப்படுபவை, எண்ணிக்கை அதிகம், விலை குறைவு. நடுவில் பூச்சு தேய்ந்த வட்டம், சத்தத்தை அடக்க ஒட்டிய டேப்பின் தடம், விளிம்பில் வளையம் அழுத்திய கோடு இவை இருக்க வேண்டும். கழற்றிய நாளையும் ஊரையும் மார்க்கரால் எழுதி வைக்கும் டெக்குகளும் உண்டு. டிரம் குச்சியில் தோள்பகுதியைப் பாருங்கள். சிம்பல் விளிம்பு கடித்த பள்ளங்கள் சாய்வாக, ஒரே பக்கமாக இல்லாமல் சுற்றிலும் இருக்கும். கலைஞரின் பெயர் அச்சிட்ட குச்சிகள் கடையிலேயே கிடைப்பதால் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெயர் அச்சிட்ட கிட்டார் பிக் விஷயத்தில் இன்னும் மோசம்: போலிகள் மலிவாக அச்சாகின்றன, நிஜமானவற்றிலும் கூட்டத்துக்கு வீசுவதற்கென்றே கொண்டுபோய், கம்பியைத் தொடாமலே வீசியவை நிறைய.

அன்றிரவு வாசிக்கும் பாட்டுகளை வரிசைப்படுத்திய செட்லிஸ்ட் காகிதத்தை யார் வேண்டுமானாலும் மறுபடி அச்சடிக்கலாம். மேடைத் தரையில் ஒட்டிய கஃபர் டேப் மூலையில் இருக்கிறதா, ஷூ தடம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட நல்ல சோதனை: கடைசி நிமிடத்தில் பேனாவால் அடித்து மாற்றிய பாட்டு இருந்தால், அன்றிரவு பார்வையாளர் பதிவோடு ஒப்பிடலாம். மேடைப் பின்புற அனுமதிச் சீட்டுகளில் எனக்கு ஆர்வமில்லை. பயன்படுத்தாமல் மீந்த கட்டுகள் சந்தையில் குவிந்து கிடக்கின்றன.

கலைஞரே நேரடியாக விற்கும்போது வாங்குவதைப் போல நிம்மதி வேறில்லை. ரிவெர்ப் போன்ற இணையச் சந்தைகளில் பலர் தம் பெயரிலேயே கடை திறந்து கிடங்கைக் காலி செய்கிறார்கள். பெடல், கேபிள், ரேக் பெட்டி என்று எளியவையும் கிடைக்கும். அங்கே வாங்கினால் பட்டியலிட்ட பக்கத்தின் படங்களையும் ரசீதையும் அன்றே சேமித்து, பொருளோடு ஒரு நகலும் வேறிடத்தில் ஒரு நகலும் வையுங்கள். பக்கம் ஒரு நாள் காணாமல் போகும்.

பாதுகாப்பில் ஆபத்தானது பழைய வால்வு ஆம்ப். ஆண்டுக்கணக்கில் ஓடாமல் இருந்ததை நேராக மின்சாரத்தில் செருகாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும். வெடிக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோகலாம். ஆம்ப் எந்த வோல்டேஜுக்குக் கட்டப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும், 120 வோல்ட் ஆம்ப்பை 230-ல் செருகினால் கதை முடிந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் திறந்து பார்க்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். பாகம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கழற்றியதைத் தூக்கிப் போடாமல், தேதி எழுதிய பையில் போட்டு ஆம்ப்போடு வைக்கச் சொல்லுங்கள். ஓட்டாமலே வைத்திருப்பதும் கௌரவமான முடிவுதான்.

நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாரை ரப்பர் அல்லது வினைல் ஸ்டாண்டில் சாய்த்தால் பூச்சு இளகிக் கறை படியும். பழைய செல்லுலாய்டு பிக்கார்டு சிதையும்போது வரும் ஆவி பக்கத்து உலோகத்தை அரிக்கும். மூடிய பெட்டியில் நிரந்தரமாக அடைத்து வைக்காதீர்கள். ஃப்ளைட் கேஸின் உள்ளே இருக்கும் பழைய ஃபோம் பொடிப்பொடியாக உதிர்ந்து ஒட்டும், நடுவில் ஒரு பருத்தித் துணியைப் போடுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். பெடலிலும் ஒயர்லெஸ் கருவியிலும் இருக்கும் பேட்டரியை வாங்கிய அன்றே எடுத்துவிடுங்கள்.

நாடு விட்டு நாடு வரவழைக்கிறீர்கள் என்றால் மரத்தைக் கேளுங்கள். பிரேசிலியன் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். மற்ற ரோஸ்வுட் வகைகள் 2017-ல் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தன, முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு வந்தது. பிரேசிலியன் வகைக்கு அந்த விலக்கு கிடையாது. பழைய கிட்டாரின் நட்டிலும் (தலைப்பகுதியில் கம்பிகள் தங்கும் சிறு துண்டு) பியானோ கட்டைகளிலும் தந்தம் இருக்கலாம். பிரிட்டனில் 2022 ஜூன் முதல் அமலில் இருக்கும் தந்தச் சட்டத்தின்படி, 1975-க்கு முந்தைய, 20 சதவீதத்துக்குக் குறைவான தந்தமுள்ள இசைக்கருவிகளை முன்கூட்டிப் பதிவு செய்தால் மட்டுமே விற்கலாம். ஒயர்லெஸ் மைக்கின் சிக்கல் வேறு. அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடும் மைக்குகள் 2010 ஜூன் முதலும், 600 மெகாஹெர்ட்ஸ் பகுதியின் பெரும்பான்மை 2020 ஜூலை முதலும் தடை. அந்த அலைகள் கைபேசிச் சேவைக்குப் போய்விட்டன. உங்கள் நாயகன் 1990-களில் கையில் பிடித்துப் பாடிய மைக்கை அலமாரியில் வைக்கத் தடையில்லை. பேட்டரி போட்டு அங்கே பாடினால் சட்டமீறல்.